சுவிட்ச் நலம், திரையில் மட்டும் சிவப்பு: கண்காணிப்பு மென்பொருளில் இணைப்பு அமைப்புகளைத் திருத்துவது எப்படி?

அலுவலகத்தில் இணையம் ஓடுகிறது, பிரிண்டர் அச்சிடுகிறது, மேசைத் தொலைபேசிகள் ஒலிக்கின்றன. ஆனால் கண்காணிப்புத் திரையில் மூன்றாம் மாடி சுவிட்ச் மட்டும் 'டவுன்' என்று சிவப்பாக நிற்கிறது. அந்த சுவிட்ச் உண்மையிலேயே செத்திருந்தால், மூன்றாம் மாடியிலிருந்து இதற்குள் பத்துப் பேர் கூப்பிட்டிருப்பார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை என்றால், சந்தேகப்பட வேண்டியது சுவிட்சை அல்ல. அதோடு பேசுவதற்காக மென்பொருள் வைத்திருக்கும் விவரங்களை. நேற்று யாரோ கருவியில் கடவுச்சொல்லை மாற்றியிருப்பார்கள், அல்லது முகவரியை மாற்றியிருப்பார்கள். மென்பொருளுக்கு அதைத் தெரிவிக்கவில்லை.

அந்த விவரங்களைத் திருத்துவது சில நிமிட வேலைதான். ஆனால் அவசரத்தில் செய்தால் இரண்டு வருட வரைபடங்கள் ஒரே சொடுக்கில் காணாமல் போகலாம். நூறு கருவிகள் ஒரே நேரத்தில் சிவப்பாகலாம். எந்தக் கட்டத்தில் என்ன எழுதுகிறோம், அது எதை மாற்றும், எந்த வரிசையில் மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

அந்தப் பக்கம் எதை மாற்றுகிறது?

லிப்ரேஎன்எம்எஸ், ஸாபிக்ஸ், சோலார்விண்ட்ஸ், பிஆர்டிஜி என எந்த மென்பொருளை எடுத்தாலும், ஒவ்வொரு கருவிக்கும் அதனிடம் ஒரு பதிவு இருக்கும். கருவி எந்த முகவரியில் இருக்கிறது, எந்த நெறிமுறையில் பேசும், என்ன அடையாளம் காட்டினால் பதில் சொல்லும், அந்தப் பதிலுக்கு எத்தனை நொடி காத்திருக்கலாம் என்ற நான்கு செய்திகள்தான் அதில் முக்கியமானவை. 'எடிட்' அழுத்தினால் திறப்பது இந்தப் பதிவு.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். அங்கே கடவுச்சொல்லை மாற்றிச் சேமித்தால் சுவிட்சின் கடவுச்சொல் மாறாது. ஐபி முகவரியை மாற்றினால் சுவிட்ச் புது முகவரிக்குக் குடிபோகாது. சுவிட்சைப் பற்றி மென்பொருள் நம்பிக்கொண்டிருப்பது மட்டுமே மாறும். யூனிஃபை போன்ற கன்ட்ரோலர் வகை மென்பொருள்கள் இதற்கு விலக்கு. அவற்றில் திரையில் ஐபி முகவரியை மாற்றினால் அந்தக் கட்டளை கருவிக்கே போய்ச் சேரும். உங்கள் கையில் இருப்பது கேள்வி மட்டும் கேட்கும் மென்பொருளா, கட்டளையும் இடும் மென்பொருளா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இனி இங்கே பேசப்போவது பெரும்பாலும் முதல் வகையைப் பற்றி.

அந்த வகையில் எந்த மாற்றத்துக்கும் இரண்டு முனைகள் உண்டு. ஒன்று கருவியில், மற்றொன்று மென்பொருளில். எந்த முனையை எப்போது தொடுவது என்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம்.

முகவரி: எந்த ஐபி?

ஒரு ரவுட்டருக்கு இன்டர்ஃபேஸுக்கு ஒன்று என்ற கணக்கில் பல ஐபி முகவரிகள் இருக்கும். கைக்கு வந்த ஒன்றை மென்பொருளில் போட்டுவிட்டால், அந்த இன்டர்ஃபேஸின் கேபிள் கழன்ற நாளில் ரவுட்டரே விழுந்துவிட்டதாகத் திரை அறிவிக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் ரவுட்டருக்கு லூப்பேக் முகவரியைக் கொடுக்கிறார்கள். ஏதாவது ஒரு வழி உயிரோடு இருக்கும் வரை அந்த முகவரிக்குப் போய்ச் சேர முடியும். சுவிட்சுகளுக்கு மேலாண்மைக்கென ஒதுக்கிய விலேனின் முகவரியைக் கொடுப்பது வழக்கம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மென்பொருள் பெரும்பாலும் பயன்படுத்தும் எஸ்என்எம்பி நெறிமுறையின் கேள்விகள் யூடிபி வழியே போகின்றன. பல இன்டர்ஃபேஸ் உள்ள கருவி, ஒரு முகவரிக்கு வந்த கேள்விக்கு வேறொரு முகவரியிலிருந்து பதில் அனுப்பிவிடலாம். மென்பொருளோ, இடையில் நிற்கும் ஃபயர்வாலோ, 'இவரை நான் கேட்கவே இல்லையே' என்று அந்தப் பதிலைத் தூக்கிப் போட்டுவிடும். விவரங்கள் எல்லாம் சரியாக இருந்தும் பதில் வராதபோது இதையும் நினைவில் வையுங்கள்.

ஐபி எண்ணைக் கொடுப்பதா, பெயரைக் கொடுப்பதா? எண் கொடுத்தால் டிஎன்எஸ் சர்வர் படுத்துவிட்ட நாளிலும் கண்காணிப்பு ஓடும். பெயர் கொடுத்தால், முகவரி மாறும்போது டிஎன்எஸ்ஸில் ஒரு வரி மாற்றினால் போதும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் எல்லாக் கருவிக்கும் ஒரே முறையாக இருக்கட்டும். டிஹெச்சிபி வழியே முகவரி வாங்கும் கருவி என்றால், அந்த முகவரியை அதற்கே ரிசர்வ் செய்துவிட்டுப் பிறகு மென்பொருளில் சேருங்கள்.

லிப்ரேஎன்எம்எஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. கருவியைச் சேர்த்தபோது கொடுத்த பெயரிலோ ஐபியிலோதான் அதன் வரைபடக் கோப்புகள் வட்டில் சேமிக்கப்படுகின்றன. ஆகவே அந்தப் பெயரை மாற்ற மென்பொருளே தரும் 'ரீநேம்' வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும். தரவுத்தளத்தில் நேராகக் கைவைத்தால் கருவி ஒரு பெயரிலும் பழைய வரைபடங்கள் வேறு பெயரிலும் நின்றுவிடும். பெயர் அப்படியே இருக்க, கேள்வி மட்டும் வேறு முகவரிக்குப் போகவேண்டும் என்றால் அதற்கென 'ஓவர்ரைட் ஐபி' என்ற கட்டம் தனியாக இருக்கிறது.

எஸ்என்எம்பி: பதிப்பைத் தேர்ந்தெடுப்பது

மென்பொருளும் கருவியும் பேசிக்கொள்வது பெரும்பாலும் எஸ்என்எம்பி நெறிமுறையில். கேள்விகள் யூடிபி 161-ஆம் போர்ட்டுக்குப் போகும். கருவி தானாகவே அனுப்பும் 'ட்ராப்' அறிவிப்புகள் மென்பொருளின் 162-ஆம் போர்ட்டுக்கு வரும். பழக்கத்தில் உள்ள பதிப்புகள் மூன்று: 1980-களின் இறுதியில் வந்த முதல் பதிப்பு, 1996-ல் வந்த வி2சி, 2002-ல் முழு இணையத் தரமாக ஏற்கப்பட்ட வி3.

முதல் இரண்டு பதிப்புகளிலும் அடையாளம் என்பது 'கம்யூனிட்டி' என்ற ஒற்றைச் சொல். இது கம்பியில் எந்தக் குறியாக்கமும் இல்லாமல் அப்படியே போகிறது. நடுவில் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் படித்துவிடலாம். பல கருவிகள் ஆலையிலிருந்து வரும்போதே படிக்க 'பப்ளிக்', எழுத 'பிரைவேட்' என்ற கம்யூனிட்டிகளோடு வந்தன. மாற்றாமலே விட்டவர்கள் ஏராளம்.

பாதுகாப்பு இரண்டிலும் ஒன்றுதான் என்றால் முதல் பதிப்பை விட்டு வி2சி-க்கு மாறச் சொல்வது ஏன்? காரணம் ஒரு கணக்கில் இருக்கிறது. ஒரு போர்ட் வழியே எத்தனை பைட் போயிற்று என்பதைக் கருவி ஓர் எண்ணியில் கூட்டிக்கொண்டே போகிறது. பழைய எண்ணி 32 பிட் அகலம் கொண்டது. சுமார் 429 கோடி பைட் ஆனதும் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். 100 மெகாபிட் போர்ட் முழு வேகத்தில் ஓடினால் அந்த எண்ணி நிரம்ப ஏறத்தாழ 343 நொடி ஆகும். ஐந்து நிமிடத்துக்கு, அதாவது 300 நொடிக்கு ஒருமுறை கேட்கும் மென்பொருளுக்கு அது மயிரிழையில் போதும். 1 கிகாபிட் போர்ட்டில் அதே எண்ணி 34 நொடியில் நிரம்பிவிடும். இரண்டு கேள்விகளுக்கு நடுவில் எட்டு முறை சுழன்றிருந்தால் மென்பொருளுக்கு அது தெரிய வழியே இல்லை. 64 பிட் எண்ணிகளை முதல் பதிப்பால் கொண்டுவர முடியாது. வி2சி-யும் வி3-யும் கொண்டுவரும். வேகமான போர்ட்டின் வரைபடம் நம்பமுடியாத அளவுக்குத் தாழ்ந்து தெரிந்தால், பதிப்புக் கட்டத்தில் 1 என்று இருக்கிறதா பாருங்கள்.

கம்யூனிட்டியை எழுதும்போது மூன்று எச்சரிக்கைகள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டினால் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்ளும். அடுத்து, கம்யூனிட்டியில் மின்னஞ்சல் முகவரியில் வரும் 'அட்' குறியைத் தவிருங்கள். சிஸ்கோ சுவிட்சுகளில் அந்தக் குறிக்குப் பின்னால் வருவது விலேன் எண் என்று பொருள் கொள்ளப்படும்.

வி3: கட்டங்கள் அதிகம், தவறும் அதிகம்

வி3-இல் பயனர்பெயர் ஒன்று, கடவுச்சொற்கள் இரண்டு. முதல் கடவுச்சொல் கேட்பவர் யார் என்பதைச் சரிபார்க்க. இரண்டாவது செய்தியைக் குறியாக்கம் செய்ய. இவற்றில் எதைப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்துப் பாதுகாப்பு மட்டம் மூன்று: இரண்டும் இல்லாதது, சரிபார்ப்பு மட்டும், சரிபார்ப்பும் குறியாக்கமும். புதிதாக அமைப்பவர்கள் மூன்றாவதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கடவுச்சொல்லும் குறைந்தது எட்டு எழுத்தாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பல கருவிகள் ஏற்காது.

அடுத்த கட்டங்கள் முறையின் பெயர்கள். சரிபார்ப்புக்கு எம்டி5, ஷா, பிறகு தரமான ஷா-2 குடும்பம். குறியாக்கத்துக்கு பழைய டெஸ், அல்லது ஏஇஎஸ். இரண்டு முனையிலும் முறையின் பெயர் அட்சரம் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். 128 பிட் ஏஇஎஸ்ஸில் குழப்பமில்லை, 2004-லேயே தரமாகிவிட்டது. 192, 256 பிட் ஏஇஎஸ்ஸில்தான் வம்பு. அவற்றுக்கான சாவியை உருவாக்கும் வழியை ஆளுக்கொரு விதமாகச் செய்தார்கள். ஸாபிக்ஸின் பட்டியலில் 'ஏஇஎஸ்256' என்றும் 'ஏஇஎஸ்256சி' என்றும் இரண்டு இருப்பது அதனால்தான். கடைசி 'சி' சிஸ்கோ வழி. கடவுச்சொல் சரியாக இருந்தும் பதில் வராவிட்டால் ஒன்றை மாற்றி மற்றொன்றைப் போட்டுப் பாருங்கள்.

வி3-இல் ஒவ்வொரு கருவிக்கும் 'எஞ்சின் ஐடி' என்ற தனி அடையாளம் உண்டு. கடவுச்சொல்லை அந்த ஐடியோடு கலந்துதான் கருவி தன் சாவியைச் செய்துகொள்கிறது. இதனால் இரண்டு இடங்களில் அடிபடுவோம். ஒன்று, பழுதான சுவிட்சுக்குப் பதிலாகப் புதியதை வைத்து, பழைய கான்ஃபிகரேஷன் பேக்கப்பை அதில் ஏற்றும்போது. சிஸ்கோ கருவிகளில் வி3 பயனர் விவரம் அந்தக் கோப்பில் தெரிவதே இல்லை. ஆகவே மற்றவை எல்லாம் வந்துவிடும், கண்காணிப்புப் பயனர் மட்டும் வந்திருக்கமாட்டார். அவரைக் கையால் புதிதாக உருவாக்க வேண்டும். மற்றொன்று, ஒரே விர்ச்சுவல் மெஷினை நகலெடுத்துப் பல ஆக்கும்போது. எஞ்சின் ஐடியும் சேர்ந்து நகலாகிவிட்டால், இரண்டு கருவிகள் ஒரே ஆள் போல மென்பொருளுக்குத் தோன்றும். மாறி மாறிச் சிவப்பும் பச்சையும் காட்டும். ஸாபிக்ஸ் போன்றவை வி3 விவரங்களை நினைவகத்திலும் வைத்துக்கொள்வதால், திருத்திய பிறகு எஸ்என்எம்பி கேஷைப் புதுப்பிக்கும் கட்டளையையும் கொடுக்க வேண்டியிருக்கலாம்.

எஸ்எஸ்ஹெச்: இது வேறு கதவு

கருவியின் கான்ஃபிகரேஷனை இரவுதோறும் பேக்கப் எடுக்கும் வசதி, எஸ்என்எம்பி விவரங்களைப் பயன்படுத்துவதில்லை. அதற்கு எஸ்எஸ்ஹெச் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தனியே வேண்டும். சிஸ்கோ வகைக் கருவிகளில் 'எனேபிள்' கடவுச்சொல் மூன்றாவதாகத் தேவைப்படலாம். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. வரைபடம் ஒழுங்காக வந்துகொண்டே இருக்க, பேக்கப் மட்டும் மாதக்கணக்கில் எடுக்கப்படாமல் போவது இப்படித்தான்.

போர்ட் எண் எஸ்எஸ்ஹெச்சுக்கு 22, டெல்நெட்டுக்கு 23. டெல்நெட் கடவுச்சொல்லைக் குறியாக்கம் இல்லாமல் அனுப்புகிறது. 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்டுத் திருடப்பட்ட பிறகுதான், அங்கிருந்த தாத்து யூலனென் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். கருவியில் இரண்டும் இருந்தால் டெல்நெட்டை மூடிவிட்டு, மென்பொருளின் பதிவிலும் நெறிமுறையை மாற்றிவிடுங்கள். நெறிமுறையை மாற்றும்போது போர்ட் எண்ணும் மாறிவிட்டதா என்று பாருங்கள்.

கடவுச்சொல் சரி, போர்ட்டும் சரி, ஆனாலும் எஸ்எஸ்ஹெச் நுழையவில்லை என்றால் இரண்டு காரணங்கள் அடிக்கடி தென்படும். கருவி மாற்றப்பட்டதால் அதன் ஹோஸ்ட் கீ மாறியிருக்கும். மென்பொருள் பழைய கீயை நினைவில் வைத்து 'இது வேறு ஆள்' என்று விலகிக்கொள்ளும். மாற்றியது நீங்கள்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பழைய கீயை நீக்குங்கள். அல்லது கண்காணிப்பு சர்வரை அண்மையில் அப்டேட் செய்திருப்பீர்கள். 2021-ல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.8 பதிப்பிலிருந்து ஷா-1 அடிப்படையிலான ஆர்எஸ்ஏ கையொப்பம் இயல்பாகவே நிறுத்தப்பட்டுவிட்டது. அதை மட்டுமே அறிந்த பழைய சுவிட்சுகள் அன்றோடு பேச்சை நிறுத்திவிடும்.

மென்பொருளுக்கென்று தனிப் பயனர்கணக்கு ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. நிர்வாகியின் சொந்தக் கணக்கையே மென்பொருளிலும் போட்டு வைத்தால், அவர் கடவுச்சொல்லை மாற்றிய இரவு மென்பொருள் பழைய கடவுச்சொல்லோடு திரும்பத் திரும்பக் கதவைத் தட்டும். சில முறை தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால், காலையில் நிர்வாகியாலும் உள்ளே போக முடியாது.

டைம்அவுட்டும் ரீட்ரையும்

இந்த இரண்டு எண்களைப் பலரும் தொடுவதில்லை. தொட்டால் தாராளமாகக் கூட்டிவிடுகிறார்கள். டைம்அவுட் என்பது ஒரு கேள்விக்கு எத்தனை நொடி காத்திருப்பது. ரீட்ரை என்பது பதில் வராவிட்டால் மேலும் எத்தனை முறை கேட்பது. பரவலாகப் பயன்படும் நெட்-எஸ்என்எம்பி கருவித்தொகுப்பில் இயல்பு நிலை 1 நொடி, 5 ரீட்ரை. முதல் கேள்வியையும் சேர்த்து ஆறு முறை, மொத்தம் 6 நொடி.

'எதற்கும் இருக்கட்டும்' என்று டைம்அவுட்டை 10 நொடி ஆக்கினால், பதில் வராத ஒரு கேள்வி 60 நொடியைத் தின்னும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால், அப்படி ஐந்து கேள்விகளே முழுச் சுற்றையும் விழுங்கிவிடும். வரிசையில் பின்னால் நிற்கும் நல்ல கருவிகளின் வரைபடத்திலும் ஓட்டை விழும். தொலைதூரக் கிளைக்குச் செயற்கைக்கோள் இணைப்பு போன்ற மெதுவான வழி இருந்தால் டைம்அவுட்டைக் கொஞ்சம் கூட்டி ரீட்ரையைக் குறையுங்கள். மற்ற இடங்களில் இயல்பு நிலையே போதும்.

இதே பக்கத்தில் 'மேக்ஸ் ரிப்பீட்டர்ஸ்' என்ற கட்டமும் இருக்கலாம். ஒரே கேள்வியில் பட்டியலின் எத்தனை வரிகளைக் கேட்பது என்பது இது. கூட்டினால் வேகம் கூடும். ஆனால் பதில் 1500 பைட்டைத் தாண்டினால் துண்டு துண்டாகப் பிரிந்து வரும். சில விபிஎன்களும் ஃபயர்வால்களும் துண்டுகளைக் கடத்திவிடாது. கருவியின் பெயரும் மாடலும் வருகின்றன, போர்ட் பட்டியல் மட்டும் வரவில்லை என்றால் இந்த எண்ணை 10 அளவுக்குக் குறைத்துப் பாருங்கள்.

மாற்றும் வரிசை

இப்போது அந்த இரண்டு முனைகளுக்கு வருவோம். கருவியில் பழைய கடவுச்சொல்லை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டால், மென்பொருளைத் திருத்தும் வரை கண்காணிப்பு இல்லை. மென்பொருளை முதலில் திருத்தினாலும் அதே கதி. பழையதும் புதியதும் சிறிது நேரம் சேர்ந்தே இருக்கும்படி செய்தால் அந்த இடைவெளியே வராது. பெரும்பாலான கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட கம்யூனிட்டிகளையும் பயனர்களையும் அனுமதிக்கின்றன. எனவே:

1. மென்பொருளில் இப்போதுள்ள விவரங்களைக் குறித்துவையுங்கள். கடவுச்சொற்களைக் காகிதத்திலோ எக்செல்லிலோ வேண்டாம். கடவுச்சொல் பெட்டக மென்பொருளில் வையுங்கள்.

2. அந்தக் கருவிக்கு மட்டும் எச்சரிக்கைகளை நிறுத்துங்கள். 'மெயின்டனன்ஸ்' என்ற பெயரில் இந்த வசதி இருக்கும். முடியும் நேரத்தையும் சேர்த்தே குறியுங்கள்; இல்லாவிட்டால் மறுபடி இயக்க மறந்துபோகும்.

3. கருவியில் புதிய பயனரைச் சேருங்கள். பழையவரைத் தொடாதீர்கள். படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள்.

4. கண்காணிப்பு சர்வருக்குள்ளேயே நுழைந்து, அங்கிருந்து எஸ்என்எம்பி-வாக் கட்டளையால் புதிய விவரங்களைச் சோதியுங்கள். கருவியின் விளக்கத்தைச் சொல்லும் 1.3.6.1.2.1.1.1.0 என்ற எண்ணைக் கேட்டாலே போதும். உங்கள் மடிக்கணினியிலிருந்து சோதிப்பது இதற்கு ஈடாகாது. கருவியின் அனுமதிப் பட்டியலில் சர்வரின் முகவரி மட்டும்தான் இருக்கும், அல்லது அது மட்டும்தான் விடுபட்டிருக்கும்.

5. பதில் வந்த பிறகு மென்பொருளின் எடிட் பக்கத்தில் மாற்றிச் சேமியுங்கள். லிப்ரேஎன்எம்எஸ்ஸில் கருவியின் பக்கத்திலுள்ள பல்சக்கரச் சின்னத்தைத் தொட்டு, 'எடிட்', பிறகு 'எஸ்என்எம்பி' என்று போக வேண்டும். சேமிக்கும்போது அது கருவியைக் கேட்டுப்பார்க்கும்; பதில் இல்லை என்றால் சேமிக்காது. 'ஃபோர்ஸ் சேவ்' என்ற மாற்றுவழி உண்டு. நான்காம் படியைச் செய்திருந்தால் அது தேவைப்படாது.

6. இரண்டு மூன்று சுற்றுகள் ஓடவிட்டு, புது எண்கள் வருகின்றனவா என்று பாருங்கள். அதன் பிறகே கருவியிலிருந்து பழைய பயனரை நீக்குங்கள்.

ஐபி மாற்றத்துக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. ஒரு மேலாண்மை இன்டர்ஃபேஸுக்கு இரண்டு முகவரி வைக்க எல்லாக் கருவிகளாலும் முடியாது. அங்கே கருவியை முதலில் மாற்றி, புது முகவரிக்கு பிங் போகிறதா என்று பார்த்து, உடனே மென்பொருளைத் திருத்துங்கள். சில நிமிட ஓட்டை வரைபடத்தில் விழுந்தால் விழட்டும்.

அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்காதீர்கள்

எடிட் பக்கம் எங்கே என்று தேடிப் பொறுமை இழந்தவர்கள் செய்யும் குறுக்குவழி, கருவியை 'டிலீட்' செய்துவிட்டுப் புது விவரங்களோடு மறுபடி சேர்ப்பது. திரை பச்சையாகிவிடும். அதற்குப் பின்னால் போனது என்ன என்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். மென்பொருளுக்குக் கருவி என்பது பெயரல்ல, உள்ளே அது கொடுத்திருக்கும் அடையாள எண். அந்த எண்ணோடு தொங்குபவை பல: வரைபடங்கள், நிகழ்வுப் பதிவுகள், எச்சரிக்கை விதிகள், குழு உறுப்புரிமை, நெட்வொர்க் மேப்பில் இடம், எந்த போர்ட்டைக் கவனிக்க வேண்டாம் என்று நீங்கள் பொறுமையாகக் குறித்துவைத்த குறிப்புகள். அழித்தால் எல்லாம் போகும்; புதிதாகச் சேர்த்த கருவிக்குப் புது எண்தான் கிடைக்கும்.

சென்ற ஆண்டு இதே மாதத்தில் இணைப்பு எவ்வளவு நிரம்பியிருந்தது என்று காட்டித்தான் கூடுதல் அலைவரிசைக்கு நிர்வாகத்திடம் பணம் கேட்க முடியும். அந்தச் சான்றை ஒரு கடவுச்சொல்லுக்காக இழக்கக் கூடாது. வன்பொருளையே மாற்றினாலும், அதே இடத்தில் அதே வேலையைச் செய்யும் கருவி என்றால் பழைய பதிவைத் திருத்துவதே நல்லது. புதிய மாடலில் போர்ட்டுகளின் உள் எண்வரிசை மாறியிருக்கும் என்பதால், போர்ட்டை எண்ணால் அல்லாமல் பெயரால் அடையாளம் காணும்படி மாற்றும் வசதி இருந்தால் அதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

நூறு கருவிகளை ஒரே நேரத்தில்

ஒவ்வொரு கருவியாகத் திறந்து திருத்துவது பத்துக் கருவி வரை சரி. அதற்கு மேல், விவரங்களை ஓரிடத்தில் வைத்துப் பல கருவிகள் அதைச் சுட்டும்படி அமைப்பதே வழி. சில மென்பொருள்களில் இதற்குப் பெயர் கிரெடென்ஷியல் புரொஃபைல். ஸாபிக்ஸில் 'மேக்ரோ'. 2020-ல் வந்த ஸாபிக்ஸ் 5.0-க்கு முன் எஸ்என்எம்பி விவரங்களை ஒவ்வொரு கண்காணிப்பு உருப்படியிலும் எழுதவேண்டியிருந்தது. அந்தப் பதிப்பில்தான் அவை கருவியின் இன்டர்ஃபேஸ் மட்டத்துக்கு வந்தன.

மேக்ரோவில் ஒரு நுணுக்கம். அது பொது மட்டம், டெம்ப்ளேட், தனிக்கருவி என்று மூன்று இடங்களில் இருக்கலாம். தனிக்கருவியில் எழுதியதே மற்ற இரண்டையும் மீறி நிற்கும். பொது இடத்தில் மாற்றிய பிறகும் நாலைந்து கருவிகள் சிவப்பாகவே இருந்தால், என்றோ யாரோ அவற்றுக்குத் தனியாக ஒரு மேக்ரோ எழுதியிருப்பார்கள். மொத்தமாக மாற்றும் முன் ஒரு மாடலுக்கு ஒரு கருவி என்று தேர்ந்தெடுத்துச் சோதிப்பது பாதுகாப்பு.

பதில் வரவில்லை என்றால்

பிங் போகிறது, எஸ்என்எம்பி மட்டும் பேசவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: கருவியில் எஸ்என்எம்பி இயக்கப்படவில்லை, அனுமதிப் பட்டியலோ ஃபயர்வாலோ தடுக்கிறது, அடையாளம் தவறு. வி1, வி2சி-யில் இந்த மூன்றும் ஒன்று போலவே தெரியும். கம்யூனிட்டி தவறாக இருந்தால் கருவி 'தவறு' என்று சொல்லாது. கேள்வியைப் பேசாமல் போட்டுவிடும். நமக்குத் தெரிவது 'டைம்அவுட்' மட்டுமே. அதனால் டைம்அவுட் எண்ணைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. கருவியின் லாகைப் பாருங்கள். தவறான கம்யூனிட்டியோடு எந்த முகவரியிலிருந்து கேள்வி வந்தது என்பதைப் பல கருவிகள் அங்கே குறித்துவைக்கும்.

வி3 இந்த வகையில் தாராளம். பயனர்பெயர் தெரியாது, சரிபார்ப்பு பொருந்தவில்லை, பாதுகாப்பு மட்டம் ஏற்கத்தக்கதல்ல என்று பிரித்துச் சொல்லும். அந்தச் செய்தி மென்பொருளின் திரையில் வராவிட்டாலும் கட்டளை வழிச் சோதனையில் வரும்.

நீங்கள் எதையும் மாற்றாமலே பல கருவிகள் ஒன்றாகச் சிவப்பானால் கண்காணிப்பு சர்வரைப் பாருங்கள். அதன் ஐபி மாறியிருக்கலாம், அல்லது கேள்வி கேட்கும் வேலை வேறொரு போலருக்கோ பிராக்ஸிக்கோ மாற்றப்பட்டிருக்கலாம். கருவிகளின் அனுமதிப் பட்டியல் பழைய முகவரியையே இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த விவரங்கள் யாருக்கு வேண்டும்?

2023 ஏப்ரலில் பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையமும் அமெரிக்காவின் எஃப்பிஐ, என்எஸ்ஏ, சிஐஎஸ்ஏ அமைப்புகளும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டன. ரஷ்ய ராணுவ உளவுத்துறையைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஏபிடி28 என்ற குழு, 2021-ல் உலகின் பல இடங்களில் சிஸ்கோ ரவுட்டர்களுக்குள் எஸ்என்எம்பி வழியாக நுழைந்தது என்பது அதன் சாரம். எளிதில் ஊகிக்கத்தக்க கம்யூனிட்டிகளும், சிஸ்கோ 2017-லேயே அறிவித்துச் சரிசெய்த ஓர் ஓட்டையும் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தன. 'பப்ளிக்' என்று விட்டுவைத்த ஒரு கட்டம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இது சாட்சி.

எழுதும் உரிமை கண்காணிப்புக்குத் தேவையில்லை, கொடுக்காதீர்கள். கருவியின் அனுமதிப் பட்டியலில் கண்காணிப்பு சர்வரின் முகவரியை மட்டும் வையுங்கள். 161-ஆம் போர்ட் இணையத்திலிருந்து தெரியவே கூடாது. கூடவே, கண்காணிப்பு சர்வரையும் காத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கருவிக்குக் காட்ட வேண்டியிருப்பதால், இந்த அடையாளங்களைத் தேவைப்படும்போது திரும்ப எடுக்கத்தக்க வடிவில்தான் மென்பொருளால் வைத்திருக்க முடியும். அந்தத் தரவுத்தளமும் அதன் பேக்கப்பும் வெளியே போனால் எல்லாக் கருவிகளின் சாவிகளும் சேர்ந்தே போகும். எடிட் பக்கத்தைத் திறக்கும் உரிமை யார் யாருக்கு இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்; வரைபடம் பார்க்க மட்டும் வருபவர்களுக்கு அது தேவையில்லை.

வேலை எப்போது முடிந்தது என்று சொல்லலாம்? 'சேமிக்கப்பட்டது' என்ற பச்சைச் செய்தியை நம்ப வேண்டாம். கடைசித் தரவு வந்த நேரத்தைப் பாருங்கள். பேக்கப்பும் எடுக்கும் மென்பொருள் என்றால் மறுநாள் காலை அதன் தேதியையும் பாருங்கள். மெயின்டனன்ஸ் முடிந்து எச்சரிக்கைகள் திரும்ப இயங்குகின்றனவா பாருங்கள். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது ஆறாம் படியின் இரண்டாம் பாதியை. திரை பச்சையாகிவிட்டதால் பழைய பயனரை யாரும் நினைப்பதில்லை. எந்தக் கடவுச்சொல் கசிந்துவிட்டது என்று மாற்றப் புறப்பட்டோமோ, அதே கடவுச்சொல் கருவியில் இன்னும் கதவைத் திறந்துகொண்டுதான் இருக்கும். அந்தப் பெயரைக் கருவியிலிருந்து நீக்கி, பழைய விவரங்களோடு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் வரக் கூடாது.